வேறொருவரின் சீட்டில் உட்கார்ந்திருக்கிறேனா?

அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் சி.ஆர்.ஆர்.ஐ. (எம்.பி.பி.எஸ். முடித்ததும் செய்யும் ஒரு வருடக் கட்டாய மருத்துவமனைப் பயிற்சி) செய்துகொண்டிருக்கும் இளம் பெண் மருத்துவர் ஒருவர் எழுதிய கடிதம் இது. ஊர், கல்லூரி, ஆட்கள் யாரென்று தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

அப்பா லோடுமேன். அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறவர். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் தமிழ் மீடியம். இரண்டாவது முறை நீட் எழுதி, அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டின் முதல் பேட்சில் எம்.பி.பி.எஸ். சேர்ந்திருக்கிறார். நான்கரை வருடப் படிப்பில் ஒரு அரியர்கூட இல்லை. "ஆனால் அதெல்லாம் மனப்பாடம் மேடம். வார்டுக்கு வந்ததும் சாயம் வெளுத்துப்போச்சு" என்கிறார்.

மெடிசின் வார்டு ரவுண்ட்ஸில் அசிஸ்டன்ட் புரொஃபசர் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். பதில் தெரிந்தும் இங்கிலீஷில் சொல்ல வாய் வரவில்லை. பின்னால் நின்ற பேட்ச்மேட் ஒருவர் "செவன் பாயின்ட் ஃபைவ்" என்று முணுமுணுத்தது இவர் காதில் விழுந்திருக்கிறது. அதன்பிறகு ஒரு நைட் டியூட்டி. பொட்டாசியம் குறைந்திருந்த நோயாளிக்கு கேசிஎல் (பொட்டாசியம் குளோரைடு) போடச் சொல்லிவிட்டு, மேற்படிப்பு படிக்கும் பி.ஜி. மருத்துவர் காசுவாலிட்டிக்கு ஓடிவிட்டார். "எவ்வளவு சலைனில் கலப்பது, எவ்வளவு வேகத்தில் விடுவது என்று நிச்சயமாகத் தெரியவில்லை. கேட்டால் 'இதுகூடத் தெரியாதா' என்பார்களோ என்று பயந்து, ஆம்ப்யூலை உடைத்து சிரிஞ்சில் எடுத்துவிட்டேன். ஸ்டாஃப் சிஸ்டர் ஓடிவந்து கையைப் பிடித்து, 'டாக்டர், இதை அப்படியே போடக் கூடாது' என்றார்." நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. இவருக்குத்தான் அன்றிலிருந்து தூக்கம் போய்விட்டது.

இப்போது விடியற்காலை ஐந்து மணிக்கே வார்டுக்குப் போய்விடுகிறார். எழுதிய கேஸ் ஷீட்டை மூன்று, நான்கு முறை சரிபார்க்கிறார். தூக்கம் நான்கு மணி நேரம்தான். சாப்பாடு பிடிக்கவில்லை. ஊரில் எல்லாரும் "டாக்டர் பொண்ணு" என்று போனில் மருந்து கேட்பதால் வீட்டுப் போனைக்கூட எடுப்பதில்லை. அவர் கேட்பது இவைதான்: இது இம்போஸ்டர் சிண்ட்ரோம் என்று இன்ஸ்டாகிராமில் பார்த்தேன், இது நோயா, மாத்திரை உண்டா? மனநல மருத்துவரைப் பார்த்தால் என் மருத்துவப் பதிவுக்குச் சிக்கல் வருமா? இன்னொருவருக்குப் போயிருக்க வேண்டிய சீட்டை நான் எடுத்துக்கொண்டேனா? இத்தோடு மருத்துவத்தை விட்டுவிடுவதுதான் நோயாளிகளுக்கு நல்லதா?

அன்புள்ள டாக்டர்,

உங்கள் கடைசிப் பக்கத்தில், கேள்விகளுக்கு நடுவே, ஒரு வரியை எழுதிவிட்டு அப்படியே கடந்துபோயிருக்கிறீர்கள். "சில நாள் காலையில் கண் விழிக்காமலே இருந்துவிட்டால் நன்றாக இருக்குமே என்று தோன்றுகிறது." முதலில் அதைப் பேசிவிடுகிறேன். மற்றதெல்லாம் அப்புறம்.

வாரக்கணக்காகத் தூக்கம் இல்லை, பசி இல்லை, வீட்டில் பேசப் பிடிக்கவில்லை, விழிக்காமல் இருந்தால் தேவலை என்ற நினைப்பு வந்துபோகிறது. இந்த விவரங்களோடு உங்கள் வார்டில் ஒரு நோயாளி இருந்தால், தன்னம்பிக்கை குறைவு என்று எழுதி விட்டுவிட மாட்டீர்கள். சைக்கியாட்ரி ஒபினியன் கேட்பீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்கள் மனம் சோர்ந்து கிடப்பது, எதிலும் நாட்டம் இல்லாமல் போவது, கூடவே தூக்கமும் பசியும் கெடுவது, சாவைப் பற்றிய எண்ணம் வருவது ஆகியவை மனச்சோர்வு நோயின் அடையாளங்கள் என்று நீங்களும் படித்திருக்கிறீர்கள். ஒரு கடிதத்தை வைத்து நான் நோயை உறுதி செய்ய முடியாது. நேரில் ஒருவர் பார்க்க வேண்டும், அதுவும் இந்த வாரத்துக்குள். மனச்சோர்வாக இருந்தால் அதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது, பெரும்பாலானவர்கள் தேறிவிடுகிறார்கள்.

உங்கள் கல்லூரியிலேயே போகக் கூச்சமாக இருந்தால் பக்கத்து மாவட்டத்து அரசு மருத்துவமனைக்குப் போங்கள், அல்லது வெளியே ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். இன்றிரவே யாரிடமாவது பேச வேண்டும் போலிருந்தால் 14416-ஐ அழையுங்கள். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையின் எண் அது. 24 மணி நேரமும் தமிழில் பேசுவார்கள், கட்டணம் கிடையாது. வெறும் நினைப்பாக இருப்பது எப்போது, எப்படி என்ற யோசனையாக மாறினால் ஒரு நிமிடம்கூடத் தனியாக இருக்காதீர்கள். ரூம்மேட்டை எழுப்பி, நேராகக் காசுவாலிட்டிக்குப் போங்கள். தினமும் நீங்கள் மருத்துவராக நிற்கிற இடத்தில் ஒருநாள் நோயாளியாகப் போவதில் எந்தக் கேவலமும் இல்லை. இந்தக் கடிதத்தில் வேறு எதையும் நீங்கள் ஏற்காவிட்டாலும் பரவாயில்லை, இதை மட்டும் கேளுங்கள்.

பதிவுக்குச் சிக்கல் வருமா என்றால், வராது. நிரந்தரப் பதிவுக்கு மருத்துவக் கவுன்சில் பார்ப்பது நீங்கள் தேர்ச்சி பெற்றீர்களா, சி.ஆர்.ஆர்.ஐ. முடித்தீர்களா என்பதைத்தான். மனநலச் சிகிச்சை எடுத்தீர்களா என்று யாரும் சான்றிதழ் கேட்பதில்லை. 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் உங்கள் சிகிச்சை விவரங்கள் ரகசியமாக இருப்பதை ஓர் உரிமையாகவே தந்திருக்கிறது. உயிருக்கு ஆபத்து என்பது போன்ற சில விதிவிலக்குகள் தவிர, உங்கள் அனுமதி இல்லாமல் உங்களைப் பார்க்கும் மருத்துவர் டீனிடமோ யூனிட் சீஃபிடமோ எதையும் சொல்லக் கூடாது. நீங்கள் மட்டும்தான் இப்படி என்றும் நினைக்க வேண்டாம். தேசிய மருத்துவ ஆணையம் அமைத்த பணிக்குழு 2024-ல் மருத்துவ மாணவர்களின் மனநலம் பற்றி அறிக்கை கொடுத்தது. கணக்கெடுப்பில் பதில் சொன்ன எம்.பி.பி.எஸ். மாணவர்களில் நான்கில் ஒருவருக்கும் மேல் தங்களுக்கு மனநலப் பிரச்சினை இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். ரவுண்ட்ஸில் உங்களைச் சுற்றி நிற்பவர்களிலும் சிலர் அப்படி இருப்பார்கள்.

இம்போஸ்டர் சிண்ட்ரோம் நோயா?

இல்லை. 1978-ல் பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் இதைப் பற்றி முதலில் எழுதினார்கள். அவர்கள் பார்த்தது படிப்பிலும் வேலையிலும் நன்றாகச் சாதித்த பெண்களை. பட்டமும் பதவியும் பாராட்டும் கையில் இருந்தும், "நான் அவ்வளவு கெட்டிக்காரி இல்லை, எல்லாரையும் ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன், ஒருநாள் மாட்டிக்கொள்வேன்" என்று அவர்கள் உள்ளுக்குள் நம்பிக்கொண்டிருந்தார்கள். பின்னால் ஆண்களிடமும் இது இருப்பது தெரியவந்தது. மனநோய்களை வரையறுக்கும் டி.எஸ்.எம். கையேட்டில் இது கிடையாது. அதனால் இதற்கென்று மாத்திரை எதுவும் இல்லை. ஆனால் இந்த உணர்வும் மனச்சோர்வும் ஒரே ஆளிடம் சேர்ந்தே வரலாம். அப்படி வரும்போது, இது வெறும் இம்போஸ்டர் சிண்ட்ரோம்தான், இரண்டு வீடியோ பார்த்தால் சரியாகிவிடும் என்று சிகிச்சையைத் தள்ளிப்போடுவதுதான் நான் அஞ்சுவது.

இந்த உணர்வு எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். ஒரு வேலை வருகிறது, பயம் வருகிறது. பயத்தில் அளவுக்கு மீறி உழைக்கிறோம். வேலை நல்லபடியாக முடிகிறது. உடனே மனசு, "உயிரைக் கொடுத்து உழைத்ததால் தப்பித்தேன், இல்லாவிட்டால் மாட்டியிருப்பேன்" என்கிறது. அடுத்த வேலைக்கு அதே பயம், இன்னும் கொஞ்சம் கூடுதலாக. நல்லபடியாக நடந்ததெல்லாம் அதிர்ஷ்டம் அல்லது உழைப்பு. தப்பாகப் போனது மட்டும் "நான்". உங்கள் கடிதம் முழுக்க இந்தக் கணக்குதான் இருக்கிறது. நான்கரை வருடம் அரியர் இல்லாதது மனப்பாடம். ஒரு இரவில் கேசிஎல் விஷயத்தில் தடுமாறியது உங்கள் உண்மையான தகுதி. ஏன் இது இப்படி, அது அப்படி? இரண்டையும் செய்தவர் ஒருவர்தானே.

இன்னொன்றும் உங்கள் கடிதத்தில் இருக்கிறது. போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் நான் அதை இரண்டு முறை படித்தேன். சர்க்கரை நோயுள்ள பாட்டி ஒருவர் சுகர் இறங்கி மயங்கிய நிலையில் மூன்றாவது முறையாக அட்மிட் ஆகிறார். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறார் என்று கேஸ் ஷீட்டில் இருக்கிறது. அவர் கையில் வென்ஃப்ளான் (மருந்து ஏற்றும் ஊசிக்குழாய்) போட நரம்பு தேடிக்கொண்டே நீங்கள் பேச்சுக் கொடுக்கிறீர்கள். காலையில் கிளிமிபிரைட் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, ஒரு சொம்பு நீராகாரத்தோடு நூறு நாள் வேலைக்குக் கிளம்பிவிடுவார், சாப்பிடப் பதினொரு மணி ஆகும் என்று தெரியவருகிறது. இதை பி.ஜி.யிடம் சொல்கிறீர்கள். மாத்திரையின் அளவும் நேரமும் மாற்றப்படுகின்றன. இதற்கு உங்கள் குறிப்பு: "இதில் என் திறமை என்ன இருக்கு மேடம், எங்க அம்மாவும் அப்படித்தான் போவாங்க, அதான் கேக்கத் தோணுச்சு."

டாக்டர், அதற்குப் பெயர்தான் ஹிஸ்டரி எடுப்பது. மாத்திரை சாப்பிட்டாயா என்று கேட்பதோடு மற்றவர்கள் நிறுத்திக்கொண்டார்கள். மாத்திரைக்குப் பிறகு எப்போது சாப்பிட்டாய் என்று கேட்கத் தெரிந்தது உங்களுக்கு. அந்த மருந்தைப் போட்டுக்கொண்டு பட்டினி கிடந்தால் சுகர் இறங்கும் என்ற பாடமும் உங்களுக்குத் தெரிந்திருந்தது, ஏழு மணிக்கு வேலைக்குப் போகிற பெண் காலையில் சாப்பிட்டிருக்க மாட்டார் என்ற வாழ்க்கையும் தெரிந்திருந்தது. இரண்டும் ஒரே ஆளிடம் இருந்ததால் பாட்டி நான்காவது முறை மயங்கி விழாமல் இருக்கலாம். இதைத் திறமை இல்லை என்று நீங்கள் தள்ளுவதை நான் ஏற்க முடியாது.

யாருடைய சீட் அது?

நீட் வந்த பிறகு அரசுப் பள்ளியிலிருந்து மருத்துவக் கல்லூரிக்குள் வருகிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்ற நிலை வந்தது. அதைச் சரிசெய்யத்தான் ஓய்வுபெற்ற நீதிபதி கலையரசன் தலைமையிலான குழு 10 சதவீத ஒதுக்கீட்டைப் பரிந்துரைத்தது. அரசு 7.5 சதவீதம் என்று முடிவெடுத்து 2020-ல் சட்டம் கொண்டுவந்தது. 2022-ல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லும் என்றது. ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும், நீட்டில் தகுதி பெற்றிருக்க வேண்டும், அப்படித் தகுதி பெற்றவர்களுக்குள் ரேங்க் பார்த்துத்தான் சீட். ஆக, அந்த சீட் உங்களைப் போன்றவர்களுக்காகவே சட்டம் போட்டு ஒதுக்கியது. அதில் வேறு யாருடைய பெயரும் எழுதியிருக்கவில்லை.

உள்ளே வந்தபிறகு ஒதுக்கீடு என்று ஒன்று இல்லை. அனாடமியில் தொடங்கி ஃபைனல் இயர் வரை எல்லாருக்கும் அதே கேள்வித்தாள், அதே பாஸ் மார்க், பிராக்டிகலில் வெளியிலிருந்து வரும் அதே எக்ஸ்டர்னல் தேர்வாளர். எந்த எக்ஸ்டர்னலும் உங்கள் அட்மிஷன் கார்டைப் பார்த்து மார்க் போடவில்லை. தனியார் கல்லூரிகளில் நிர்வாக ஒதுக்கீட்டிலும் என்.ஆர்.ஐ. ஒதுக்கீட்டிலும் சேருகிறவர்களும் ஒதுக்கீட்டில் வருகிறவர்கள்தான். அவர்களைப் பார்த்து யாரும் சதவீதம் சொல்லி முணுமுணுப்பதை நான் கேட்டதில்லை. இது எனக்கு நெடுநாளாகவே உறுத்துகிற விஷயம்.

அரசு உங்கள் ஃபீஸைக் கட்டியதால் கடன்பட்டவர் போல உணர்வதாக எழுதியிருந்தீர்கள். அரசு மருத்துவக் கல்லூரியில் படிக்கிற ஒவ்வொருவருடைய படிப்பும் பெரும்பகுதி மக்கள் வரிப்பணத்தில்தான் நடக்கிறது, பின்னால் நின்று முணுமுணுத்தவருடைய படிப்பும் சேர்த்து.

அந்த முணுமுணுப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இம்போஸ்டர் சிண்ட்ரோம் என்று பேசுகிறவர்கள் பலர் எல்லாம் உங்கள் மனசுக்குள்தான் இருக்கிறது, எண்ணத்தை மாற்றுங்கள் என்று முடித்துவிடுகிறார்கள். சுற்றியிருப்பவர்கள் நீ இந்த இடத்துக்கு உரியவள் இல்லை என்று உண்மையிலேயே சொல்லிக்கொண்டிருந்தால், அந்த எண்ணம் உங்கள் மனசில் தானாக முளைத்ததில்லை. அதை நீங்கள் மட்டும் திருத்திக்கொள்ள வேண்டியதும் இல்லை. சாதி, மொழி, பொருளாதாரப் பின்னணி ஆகியவற்றை வைத்து ஒரு மாணவரைத் துன்புறுத்துவதும் ஒதுக்குவதும் ராகிங் என்று யு.ஜி.சி. 2016-லேயே தன் விதிகளைத் திருத்தியிருக்கிறது. மருத்துவக் கல்லூரிகளுக்குத் தேசிய மருத்துவ ஆணையம் 2021-ல் தனியாகவே ராகிங் தடுப்பு விதிகள் கொண்டுவந்தது. கல்லூரியின் ராகிங் தடுப்புக் குழுவிடம் போகலாம், 1800-180-5522 என்ற தேசிய உதவி எண்ணிலும் சொல்லலாம்.

புகார் கொடுங்கள் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல மாட்டேன். ஒரே முறை ஒருவர் சொன்ன சொல் என்றால், தனியாகக் கூப்பிட்டு "அன்னைக்கு நீ சொன்னது என் காதுல விழுந்தது, இனிமே சொல்லாதே" என்று நேராகச் சொல்வதே பல சமயம் போதும். திரும்பத் திரும்ப நடக்கிறது, மற்றவர்களும் சேர்ந்துகொள்கிறார்கள், டியூட்டி போடுவதில் வேறுபாடு காட்டுகிறார்கள் என்றால் தேதி, இடம், சொன்ன சொல், கூட இருந்தவர்கள் எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். அப்புறம் நீங்கள் நம்புகிற ஆசிரியர் ஒருவரைக் கூட வைத்துக்கொண்டு குழுவிடம் போங்கள். போஸ்டிங் முடிகிறபோது யூனிட்டில் கையெழுத்து வாங்க வேண்டியிருக்கிறதே என்ற பயம் எல்லா சி.ஆர்.ஆர்.ஐ.க்கும் உண்டு. எழுத்தில் இருக்கிற புகார் அந்த பயத்திலிருந்து ஓரளவு பாதுகாப்பும் தரும்.

அந்த கேசிஎல் இரவு

இதை மழுப்ப மாட்டேன். அது ஆபத்தான தருணம். ஆம்ப்யூலில் இருக்கிற அடர்த்தியான பொட்டாசியத்தை நேராக ரத்தக்குழாயில் செலுத்தினால் இதயம் நின்றுவிடலாம். அதனால்தான் அதைச் சலைனில் நன்றாக நீர்க்கச் செய்து மணிக்கணக்கில் மெதுவாக விடுகிறோம். அதிக எச்சரிக்கை தேவைப்படும் மருந்து என்று உலகம் முழுக்கப் பட்டியலிடப்பட்டது அது. பல மருத்துவமனைகளில் பொது வார்டு அலமாரியில்கூட வைக்க விடுவதில்லை. அப்படிப்பட்ட மருந்தை, அளவும் வேகமும் எழுதாமல், இதற்கு முன் கலந்திருக்கிறாயா என்றும் கேட்காமல், வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டு ஓடியது அந்த யூனிட்டின் வேலைமுறையில் இருக்கிற ஓட்டை. அந்த பி.ஜி.யும் எத்தனை மணி நேரமாக நின்றுகொண்டிருந்தாரோ. பழி முழுவதையும் உங்கள் தலையில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

உங்கள் பங்கு எது என்பதில்தான் நீங்கள் தவறாகக் கணக்குப் போட்டிருக்கிறீர்கள். கேசிஎல் கலக்கத் தெரியாததுதான் குற்றம் என்று நினைக்கிறீர்கள். சி.ஆர்.ஆர்.ஐ. முதல் மாதங்களில் அது தெரியாமல் இருப்பது குற்றமே இல்லை. நோயாளியை ஆபத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனது, தெரியாததை மறைத்தது. எனக்குத் தெரியாது என்று நீங்கள் சொல்லியிருந்தால் அந்த இரவில் ஒன்றுமே நடந்திருக்காது. இப்போது அந்த பயத்துக்கு நீங்கள் கண்டுபிடித்த வைத்தியம் என்ன? ஐந்து மணிக்கு வார்டு, நான்கு முறை சரிபார்ப்பு, நான்கு மணி நேரத் தூக்கம். இவையெல்லாம் இன்னும் நன்றாக மறைப்பதற்கான வழிகள். யாரிடமும் எதையும் கேட்காமலே எல்லாம் தெரிந்தவராக நிற்பதற்கான முயற்சி. தூக்கமில்லாத மூளை தப்பு செய்யும் வாய்ப்பைக் கூட்டத்தான் செய்யும்.

சட்டமே உங்களிடம் எல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கவில்லை. இந்த ஒரு வருடம் உங்களுக்கு இருப்பது தற்காலிகப் பதிவு, வண்டி ஓட்டுகிறவர்களுக்கு எல்.எல்.ஆர். மாதிரி. பக்கத்தில் தெரிந்தவர் இருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. நிரந்தரப் பதிவு பிறகுதான். பக்கத்தில் ஆள் வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை, கேட்க வேண்டியது உங்கள் கடமையும்கூட.

எப்படிக் கேட்பது?

"தெரியாது" என்று மட்டும் சொல்லிவிட்டு நின்றால் சிலர் எரிந்துவிழத்தான் செய்வார்கள். எதுவரை தெரியும், எங்கே நிற்கிறேன் என்று சேர்த்துச் சொல்லுங்கள். "அக்கா, பொட்டாசியம் 2.6 இருக்கு, யூரின் போகுது, ஈசிஜி எடுத்துட்டேன். கேசிஎல் இதுவரைக்கும் நான் தனியாக் கலந்ததில்லை. அளவும் வேகமும் எழுதிக் கொடுங்க, முதல் தடவை சிஸ்டரைப் பக்கத்துல வச்சுக்கிட்டுப் போடுறேன்." இப்படிக் கேட்கிற சி.ஆர்.ஆர்.ஐ.யை எந்த நல்ல பி.ஜி.யும் மட்டமாக நினைக்க மாட்டார். அடுத்த தடவை தைரியமாக நோயாளியை விட்டுவிட்டுப் போகலாம் என்றுதான் நினைப்பார். போனில் ஆர்டர் சொன்னால் மருந்து, அளவு, வேகம் மூன்றையும் திருப்பிச் சொல்லி சரிதானா என்று கேட்டுவிட்டுக் கையில் எடுங்கள். யாராவது கத்தினால் கத்தட்டும். ஒரு நிமிட அவமானத்தை விட நோயாளியின் உயிர் பெரிது.

ஒரு சின்ன நோட்டில் மூன்று பக்கம் ஒதுக்குங்கள். தனியாகச் செய்ய வருபவை, ஒருவர் பக்கத்தில் இருந்தால் செய்ய வருபவை, இன்னும் பார்த்ததே இல்லாதவை. ரத்தம் எடுப்பது, கதீட்டர் போடுவது, ஏபிஜி (தமனி ரத்தத்தில் வாயுக்களின் அளவு பார்ப்பது), ரைல்ஸ் டியூப் (மூக்கு வழியாக வயிற்றுக்குள் விடும் குழாய்), டிஸ்சார்ஜ் சம்மரி என்று எல்லாவற்றையும் ஏதாவது ஒரு பக்கத்தில் எழுதுங்கள். "நான் லாயக்கில்லை" என்பதற்கு வைத்தியம் கிடையாது. "ஏபிஜி இன்னும் தனியாக எடுத்ததில்லை" என்பதற்கு உண்டு, நாளைக்கே பி.ஜி.யிடம் சொல்லி எடுத்துப் பழகலாம். இரண்டாம் பக்கத்திலிருந்து முதல் பக்கத்துக்கு ஒன்று போகும்போது தேதி போடுங்கள். நீங்கள் ஞாபகத்தை நம்ப வேண்டாம், உங்கள் ஞாபகம் இப்போது தோல்விகளை மட்டும்தான் எடுத்துக் கொடுக்கிறது. நோட்டைப் பாருங்கள். பாட்டியின் கதையையும் அதில் எழுதுங்கள்.

கையைப் பிடித்த அந்த சிஸ்டரிடம் போய் நன்றி சொல்லிவிட்டு, இந்த வார்டில் புதிதாக வருகிறவர்கள் எதிலெல்லாம் தடுமாறுகிறார்கள் என்று கேளுங்கள். எத்தனையோ பேட்ச் சி.ஆர்.ஆர்.ஐ.களைப் பார்த்த அனுபவம் அவருக்கு இருக்கும், கேட்டால் ஆசையாகச் சொல்லித் தருவார். நடந்ததை பி.ஜி.யிடமும் சொல்லுங்கள். தண்டனைக்காக இல்லை, இனிமேல் கேசிஎல் ஆர்டரை எழுதித்தான் கொடுக்க வேண்டும் என்று அந்த யூனிட் மாறுவதற்காக.

சரிபார்ப்பது நல்ல பழக்கம்தான். பட்டியல் ஒன்று வைத்து ஒரு முறை பாருங்கள், சந்தேகம் இருந்தால் இன்னொரு ஆளிடம் காட்டுங்கள். நீங்களே நான்காவது முறை பார்ப்பதில் புதிதாக எதுவும் கிடைக்காது.

இங்கிலீஷ் விஷயத்தில் உங்களுக்கு உண்மையிலேயே ஒரு குறை இருக்கிறது, அதை இல்லை என்று சொல்லி உங்களைச் சமாதானப்படுத்த விரும்பவில்லை. ஆனால் கேஸ் பிரசன்ட் செய்யத் தேவைப்படுகிற இங்கிலீஷ் குறைவானது. திரும்பத் திரும்ப அதே வாக்கியங்கள்தான். தினமும் ஒரு கேஸை நம்பிக்கையான தோழியிடம் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். ரவுண்ட்ஸில் திணறினால் "சார், தமிழில் சொல்லிவிட்டுத் தொடர்கிறேன்" என்று கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். மருத்துவம் சரியாக இருந்தால் ஒப்புக்கொள்கிற ஆசிரியர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

ஊரிலிருந்து வருகிற போனுக்கும் ஒரு வழி உண்டு. "நேரில் பார்க்காமல் மருந்து சொல்லக் கூடாது, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள், அங்கே என்ன சொன்னார்கள் என்று எனக்குச் சொல்லுங்கள், புரியாததை விளக்குகிறேன்." எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் ஒரு மருத்துவர் போனில் சொல்ல வேண்டியது பெரும்பாலும் இதுதான். அம்மாவின் போனை மட்டும் எடுத்துவிடுங்கள். அவர் மருந்து கேட்டுக் கூப்பிடவில்லை என்று நினைக்கிறேன்.

விட்டுவிடலாமா?

இப்போது முடிவு செய்யாதீர்கள். தூக்கமும் மனமும் கெட்டுக் கிடக்கிற மாதத்தில் எடுக்கிற முடிவு உங்கள் முடிவாக இருக்காது, அந்தச் சோர்வின் முடிவாகத்தான் இருக்கும். சிகிச்சை எடுத்து, தூக்கம் திரும்பி, இன்னும் இரண்டு போஸ்டிங் முடிந்த பிறகும் மருத்துவம் பிடிக்கவில்லை என்றால் அப்போது பேசலாம், அதில் தப்பில்லை. பி.ஜி. நீட் எழுதுவதா வேண்டாமா என்பதையும் அதுவரை தள்ளிவையுங்கள். அது அடுத்த வருடமும் வரும். நான் விலகுவதுதான் நோயாளிகளுக்கு நல்லது என்ற வாதத்தை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஒரு தடுமாற்றத்துக்காக வாரக்கணக்கில் தூங்காமல் தவிக்கிற மருத்துவரைப் பார்த்து நோயாளிகள் பயப்பட வேண்டியதில்லை. அந்த அக்கறை இருக்கட்டும், அதைக் கேள்வி கேட்பதற்குப் பயன்படுத்துங்கள்.

விட்டுவிடுவதற்கும் இப்படியே தொடர்வதற்கும் நடுவே ஓய்வு என்று ஒரு வழி இருக்கிறது. சி.ஆர்.ஆர்.ஐ. விதிப்படி வருடத்தில் 15 நாள் விடுப்பு உண்டு. அதற்கு மேல் தேவைப்பட்டால் அத்தனை நாள் பயிற்சி நீளும், அவ்வளவுதான். சான்றிதழ் கொஞ்சம் தாமதமாக வரும், கையைவிட்டுப் போகாது. பேட்ச்மேட்டுகளுக்கு முன்னால் முடிக்க முடியவில்லையே என்று இருக்கும். ஒன்றிரண்டு மாதத் தாமதத்தைப் பின்னால் யாரும் கேட்கப்போவதில்லை.

முதலில் மனநல மருத்துவரைப் பாருங்கள். ஓய்வு வேண்டும் என்று அவர் சொன்னால் மருத்துவச் சான்றோடு யூனிட் சீஃபிடம் விடுப்புக் கடிதம் கொடுங்கள். அவரிடம் பேசத் தயக்கமாக இருந்தால் சி.ஆர்.ஆர்.ஐ. ஒருங்கிணைப்பாளர் மூலம் கொடுங்கள். கடிதத்தில் உடல்நலக் காரணம் என்று எழுதினால் போதும், வார்டில் கேட்கிற ஒவ்வொருவருக்கும் விளக்கம் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. இந்த வாரம் உங்களுக்கு என்றைக்கு வீக்லி ஆஃப் என்று தெரியாது, அதை ஐந்து மணிக்கு வார்டுக்குப் போய்ச் செலவழிக்காமல் அப்பாயின்ட்மென்ட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ரூம்மேட்டையும் கூட அழைத்துக்கொண்டு போங்கள்.